துப்பாக்கி வீட்டில் இல்லாத நாட்கள்

அப்பா இறந்த பிறகு துப்பாக்கி உரிமத்தைத் தன் பெயருக்கு மாற்றித் தரும்படி தம்பி கொடுத்த மனு, அக்காவின் கையெழுத்து இல்லை என்ற குறிப்போடு திரும்பி வந்தது. வாரிசுகள் எல்லாரும் ஆட்சேபனை இல்லை என்று எழுதித் தர வேண்டும். அம்மாவிடம் வாங்கியிருந்தான். என்னிடம் வாங்கியிருந்தான். அக்காவிடம் கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. செய்தித்தாளில் பிழை திருத்தித் தலைப்பு வைப்பது என் தொழிலாக இருந்தது. அந்தத் தாளிலும் ஒரு ஒற்றெழுத்தைச் சேர்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

நிலத்துக்கு இப்படி நடக்கவில்லை. வயலைத் தம்பி பெயருக்கு மாற்றியபோது அக்காவைக் கங்கைகொண்டானிலிருந்து கார் வைத்து அம்பாசமுத்திரம் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்து வந்தோம். பெண்பிள்ளை தன் பங்கை விட்டு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்காமல் நிலம் மாறாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அவள் எதுவும் கேட்காமல் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். போகும்போது அம்மா அவளுக்கு ஒரு சேலை கொடுத்தாள். துப்பாக்கி என்று வந்தபோது அது ஆண்கள் சமாசாரம், அதில் பெண்பிள்ளைக்கு என்ன என்று நினைத்துவிட்டோம். அப்பா விட்டுப்போனவற்றில் அக்காவுடைய சம்மதத்தை உண்மையாகவே கேட்க நேர்ந்தது அந்த ஒரு பொருளுக்குத்தான்.

அது ஒற்றைக்குழல் துப்பாக்கி. பயிர்ப் பாதுகாப்புக்கு என்று உரிமத்தில் எழுதியிருக்கும். அப்பா அதைக் கொண்டு எதையும் கொன்றதாக எனக்குத் தெரியாது. அறுவடைக்கு முந்தைய வாரங்களில் வரப்பில் நின்று வானத்தைப் பார்த்து ஒன்று விடுவார். சத்தம் மலையில் மோதித் திரும்பி வரும். மற்ற நாட்களில் அது உள்ளறைச் சுவரில் இரண்டு மர முளைகளின் மேல் கிடந்தது. வெள்ளிக்கிழமைதோறும் இறக்கி எண்ணெய்த் துணியால் துடைப்பார். ஆயுத பூசையன்று மண்வெட்டி, அரிவாளோடு சேர்த்து அதற்கும் சந்தனம் வைப்போம். அப்பா போனதும் விதிப்படி தம்பி அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தான். சுவரில் முளைகள் மட்டும் மிஞ்சின. அம்மா அவற்றில் ஒன்றில் தன் மாத்திரைகள் இருக்கும் மஞ்சள் பையை மாட்டினாள்.

எங்கள் வீடு ஆழ்வார்குறிச்சியிலிருந்து மலையைப் பார்த்துப் போகும் சாலையில் இருக்கிறது. அம்மாவும் தம்பியும் அவன் மனைவியும் அங்கே இருக்கிறார்கள். நான் பாளையங்கோட்டையில். மனு திரும்பி வந்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன். தம்பி என் முன்னால்தான் அக்காவுக்குப் போன் போட்டான். அம்மாவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தான்.

"அக்கா, ஒரு கையெழுத்துத்தான். நானே பைக்கில வந்து வாங்கிக்கிடுதேன். நீ அலைய வேண்டாம்."

"எதுக்கு?"

"அப்பா துப்பாக்கிக்கு."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

"நிலத்துக்குக் கேட்டிய, போட்டேன். இதுக்குப் போடமாட்டேன்."

"உனக்கு அதுல என்னக்கா வேணும்?"

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். அது திரும்ப வீட்டுக்கு வரக்கூடாது. அவ்வளவுதான்."

"பன்னி வாழையில பாதியைக் கிழங்கோட தோண்டிப் போட்டிருக்கு. வந்து பாரு."

"பன்னியைச் சுட்டா கேஸுன்னு நீதான சொன்ன?"

"எவன் சுடப்போறான்? மேல பாத்து ஒண்ணு. சத்தத்துக்கு."

"சத்தத்துக்குன்னா வெடி வாங்கிப் போடுலே."

"அதுக்கெல்லாம் பழகிப்போச்சுக்கா. வெடி போட்டா, எவன்டா அதுன்னு நிமிந்து பாத்துட்டுத் திரும்பத் திங்குது."

அக்கா சிரித்தாள். எனக்கு நன்றாகக் கேட்டது. அதனால் சம்மதித்துவிடுவாள் என்றுகூட நினைத்தேன். சிரிப்பு முடிந்ததும், "போடமாட்டேன்லே," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

காரணத்தை அவள் சொல்லவில்லை. வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும் என்பதால் யாரும் கேட்கவுமில்லை.

அக்கா கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தபோது, அதே பேருந்தில் வந்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ள நினைத்தாள். அவர்கள் வேறு தெரு. எங்கள் ஊரில் வேறு தெரு என்றால் வேறு சாதி. பையனுடைய அப்பாவும் சித்தப்பாவும் முறைப்படி பேச எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் அப்போது படிப்புக்காகத் திருநெல்வேலியில் விடுதியில் தங்கியிருந்தேன். நடந்ததை நான் பார்க்கவில்லை. கேட்டதை மட்டும் எழுதுகிறேன். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அப்பா எழுந்து உள்ளே போய்த் துப்பாக்கியை எடுத்து வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்துத் துடைத்தார். அவர்களைத் திட்டவில்லை. குரலை உயர்த்தவில்லை. மழை, நெல் விலை என்று ஏதோ விசாரித்தார். அவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். மறுபடி வரவில்லை. அந்தப் பையன் பேருந்தை மாற்றிக்கொண்டார். அடுத்த தையில் அக்காவுக்குக் கங்கைகொண்டானில் கல்யாணம் ஆனது. அத்தான் அங்கே ஒரு ஆலையில் வேலை பார்க்கிறார். நல்ல மனிதர்.

இது அக்கா சொன்னது. அடுக்களைக் கதவுக்குப் பின்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

அம்மா சொல்வது வேறு. அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைதோறும் அந்த நேரத்துக்கு அப்பா அதைத் துடைப்பது வழக்கம். ஆள் வந்திருக்கிறது என்பதற்காக வழக்கத்தை நிறுத்தவில்லை, அவ்வளவுதான். "உங்க அப்பா மனசுல ஒண்ணும் கிடையாதுலே," என்பாள். அன்று வெள்ளிக்கிழமைதான் என்பதை அக்காவும் மறுப்பதில்லை. அப்பாவிடம் நான் கேட்டதில்லை. இரண்டு சாட்சிகள், ஒரே சம்பவம், முரண்படாத விவரங்கள். செய்தியாக இருந்தால் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுவிட்டு நகர்ந்திருப்பேன்.

மறுநாள் காலையில் தம்பியோடு வயலுக்குப் போனேன். வாழைக்கன்றுகள் வேரோடு புரண்டு கிடந்தன. மண் உழுததுபோல் இருந்தது. கீழ வயல்காரர் அவருடைய வரப்பில் நின்றிருந்தார். அக்கா கல்யாணம் செய்துகொள்ள நினைத்த பையனின் தெருதான் இவருக்கும். பன்றி அவருடைய வயலையும் விட்டுவைக்கவில்லை.

"அக்கா போடமாட்டேங்காளாம்லா," என்றார். சேதி எப்படியோ அவருக்குப் போயிருந்தது.

"நீங்க என்ன நினைக்கிய?" என்று கேட்டேன்.

"எங்க தெருவுல நாலஞ்சு பேரு துப்பாக்கி கேட்டு எழுதிப் போட்டோம் அண்ணாச்சி. தேவை இல்லைன்னு வந்துட்டு. பன்னி உங்க வயலைப் பாத்து மட்டும் வருது, எங்களுதுல காலை வைக்காதுன்னு நினைச்சிட்டாவ போல."

தம்பி சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

"குடுத்தா எனக்கும் குடுக்கணும். இல்லைன்னா உங்களுக்கும் வேண்டாம். இதான் நம்ம கட்சி. உங்க அப்பா அதை எடுத்துட்டு எங்க தெருவுக்கு வந்தது கிடையாது, அதையும் சொல்லணும். ஆனா அது சுவத்துல கிடக்குன்னு எங்க தெருவுல சின்னப்பிள்ளைக்கும் தெரியும். தெரிஞ்சா போதும்லா."

தம்பிக்கு முகம் மாறிவிட்டது. "அப்படின்னா பன்னிக்கும் தெரிஞ்சிருக்கும், வராம இருந்திருக்கும்," என்று சொல்லிவிட்டு மோட்டார் அறைப் பக்கம் போனான்.

துப்பாக்கி வராததால் தம்பி எல்லாரும் செய்வதைச் செய்தான். வயலைச் சுற்றிக் கம்பு நட்டு, பழைய சேலைகளை மறைப்பாகக் கட்டினான். நிறமும் அசைவும் பன்றியை மிரட்டும் என்பது நம்பிக்கை. அம்மாவின் சேலைகள் போதவில்லை. அக்காவிடம் கேட்டான். கோபத்தை இதில் காட்டாமல் அக்கா ஒரு சாக்கு நிறையக் கட்டி அத்தானிடம் கொடுத்து அனுப்பினாள்.

அடுத்த முறை நான் போனபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு மெள்ள வரப்புவரை நடந்து வந்தாள். அவளுக்கு முழங்கால் வலி. பேருந்து ஏற முடியாது. மலைக் காற்றில் சேலைகள் உப்பி உப்பி அடங்கின. தெற்கு மூலையில் மாம்பழ நிறத்தில் ஒன்று, மடிப்புக் கோடுகள்கூடப் போகாமல் இருந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பத்திர ஆபீஸுல வச்சு நான் குடுத்ததுலே அது," என்றாள். "ஒரு தடவைகூட உடுத்தல."

தம்பியிடம் சொல்ல வேண்டாம் என்றாள். நான் சொல்லவில்லை.

சேலைகள் ஒரு மாதம் தாங்கின. பிறகு பன்றிகள் அடியில் முட்டிக்கொண்டு நுழையப் பழகிவிட்டன. மறு நடவும் போனது. அதற்குப் பிறகுதான் மோட்டார் அறையில் கம்பிச் சுருளைப் பார்த்தேன். புதிய கம்பி. பக்கத்தில் பீங்கான் குமிழ்கள். எதற்கு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. மோட்டாருக்கு வரும் மின்சாரத்தை வயலைச் சுற்றிய கம்பியில் விடுவது குற்றம். தெரிந்துகொண்டேதான் செய்கிறார்கள்.

"வேண்டாம்லே," என்றேன்.

"அப்பம் என்ன செய்யச் சொல்லுதிய? துப்பாக்கி கேட்டா அக்கா வேண்டாங்கா. கம்பி போட்டா நீங்க வேண்டாங்கிய. பன்னிக்கு எல போட்டுச் சோறு வைக்கிறது மட்டும்தான் பாக்கி."

"கீழ வயல்காரர் விடியுமுன்னே தண்ணி பாய்ச்ச வருவாருல்லா."

"அவருகிட்டச் சொல்லிட்டுத்தான் போடுவேன்."

மின்வேலியில் சிக்கி விவசாயி பலி. இந்தத் தலைப்பை எத்தனை முறை வைத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. ஊரையும் வயதையும் மாற்றினால் போதும். உள்ளே, வேலி போட்டவர் கைது என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலும் இறந்தவர் பக்கத்து வயல்காரராகவோ வேலி போட்டவரின் வீட்டாளாகவோ இருப்பார். முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் போட்டார் என்ற விவரமும் பல செய்திகளில் இருக்கும்.

அன்று மாலையே கங்கைகொண்டானுக்குப் போனேன். கம்பியைப் பற்றி அக்காவிடம் சொன்னேன். கையெழுத்துப் போடு என்று சொல்லவில்லை. சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன, நான் எதற்கு வந்திருக்கிறேன் என்பது அவளுக்குத் தெரியும்.

அக்கா, "அம்மா வயலுக்குப் போறாளா?" என்று கேட்டாள்.

"மெள்ளப் போறா. கையைப் பிடிச்சிக்கிட்டு."

"அவன் பொஞ்சாதி?"

"தினமும்தான்."

"ரெண்டுல ஒண்ணு இல்லாம உங்களுக்கு வெள்ளாமை செய்யத் தெரியாதாலே?" என்றாள். என்னைத்தான் கேட்டாள். நான் வயலில் இறங்கியே பல வருடம் ஆகிவிட்டது என்பது அவளுக்கு ஒரு பொருட்டாக இல்லை.

அம்பாசமுத்திரத்தில் நோட்டரி வக்கீலின் அறைக்கு அவள் தனியாகப் பேருந்தில் வந்தாள். இந்த முறை கார் வைப்பதாகச் சொன்னதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். தாளை முழுதும் படித்தாள். "ஆட்சேபனை இல்லை என மனப்பூர்வமாக" என்ற இடத்தில் விரலை வைத்து, "இந்த மனப்பூர்வத்தை எடுக்க முடியாதா?" என்று வக்கீலிடம் கேட்டாள். அது எல்லாத் தாளிலும் அப்படித்தான் இருக்கும் அம்மா என்றார் அவர். அக்கா கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடி வைத்துவிட்டுத் தம்பியைப் பார்த்தாள்.

"கம்பியில ஒரு உசிரு போச்சுன்னா அது எங்கிட்ட வந்து நிக்கும். அதுக்குத்தான் போட்டேன். கம்பியை வித்துரு. துப்பாக்கி அங்கன இருக்கிற வரைக்கும் நான் அங்கன வரமாட்டேன்."

"என்னக்கா, சின்னப்பிள்ள மாதிரி."

"ஆமா," என்றாள் அக்கா.

அறிக்கைகளெல்லாம் போய் வந்து உரிமம் தம்பி பெயருக்கு மாறியது. துப்பாக்கி வீட்டுக்கு வந்தது. அம்மா மஞ்சள் பையை முளையிலிருந்து கழற்றிக் கட்டில் காலில் கட்டிக்கொண்டாள். தம்பி வரப்பில் நின்று வானத்தைப் பார்த்து ஒன்று விட்டான். பன்றிகள் சில நாட்கள் வரவில்லை. பிறகு வந்தன; முன்பைவிடக் குறைவு என்று தம்பி சொல்கிறான். கீழ வயல்காரர் அப்படிச் சொல்லவில்லை.

இன்னொரு மாற்றத்தையும் தம்பி எனக்குப் போனில் சொன்னான். கீழ வயல்காரர் தண்ணீர் முறைக்கு எப்போதும் சண்டை பிடிப்பார். மடை முன்னால் நின்று, "இது என் நேரம் வே, தள்ளும்," என்பார். இப்போது, "நீங்க மொதல்ல பாய்ச்சிக்கிடுங்க, நான் பொறவு பாத்துக்கிடுதேன்," என்று ஒதுங்கிப் போகிறாராம். "ஆளு ரொம்பத் தன்மையாயிட்டாருண்ணே," என்று தம்பி சந்தோஷமாகச் சொன்னான். அவன் யாரையும் மிரட்டத் தெரியாதவன். அவர் ஏன் ஒதுங்கினார் என்று அவன் யோசித்ததாகத் தெரியவில்லை. நான் இதை அக்காவிடம் சொல்லவில்லை.

அக்கா சொன்னபடி நடந்தாள். தம்பி பொங்கல்படி கொண்டு போனான்: அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் குலை, தன் வயலில் தப்பிப் பிழைத்த ஒரு வாழைத்தார். வாங்கி வைத்துச் சோறு போட்டு அனுப்பினாள். ஊருக்கு வரவில்லை. கோயில் கொடைக்கும் வரவில்லை. அம்மாவுக்குக் காய்ச்சல் என்றபோது அத்தானை அனுப்பினாள். தினம் இரண்டு வேளை போனில் பேசினாள். அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு அழுவாள். பிறகு தம்பியின் மேல் எரிந்து விழுவாள். "அந்தச் சனியனைத் தூக்கிக் குடுத்துரு," என்பாள். அப்பாவின் துப்பாக்கியை அம்மா அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

சட்டமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்தது. அறிவித்தால் உரிமம் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். முடிவு வந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். நான் ஊரில் இருந்ததால் தம்பியோடு போனேன். துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி என் மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு பைக்கின் பின்னால் உட்கார்ந்திருந்தேன். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

நிலையத்து வேப்பமரத்தடியில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். எல்லார் கையிலும் சாக்கு, போர்வை, பழைய வேட்டி சுற்றிய நீளமான பொதி. அரிசி ஆலை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி மட்டும் தோல் உறையில் கொண்டு வந்திருந்தார்.

"நம்மகிட்ட இருக்கிறதை வாங்கி வச்சிக்கிடுதான். அரிவாள் வச்சிருக்கவன் எவனாவது இங்க வந்து நிக்கானா பாரும்," என்றார் அவர். "எலக்சன்ல வெட்டுறவன் உரிமம் வாங்கிட்டா வெட்டுதான்?"

"நீங்க என்னத்துக்கு வே வச்சிருக்கீரு? கல்யாண வீட்டுக்குக் காட்டுறதுக்கா?" என்றார் வங்கிக் காவலராக இருக்கும் முன்னாள் ராணுவக்காரர். "எனக்கு இதான் சோறு. இதைக் குடுத்துட்டு நான் வாசல்ல கம்பை வச்சிக்கிட்டு நிக்கணுமா? விலக்குக் கேட்டு மனு எழுதியிருக்கேன். ஆனா ஒண்ணு சொல்லுதேன், உங்களை மாதிரி ஆளுகளுக்கெல்லாம் குடுத்ததே தப்பு."

"ஏன், நான் யாரைச் சுட்டேன்?"

"சுடத் தெரியாதுல்லா. அதான் சொல்லுதேன்."

எல்லாரும் சிரித்தார்கள். உள்ளே இருந்த ஏட்டையா தலையை நீட்டி, "பேச்சைக் கொறைச்சிட்டு ஒவ்வொருத்தரா பைய வாங்க. எனக்குக் கேட்டா வருசம் பூரா எலக்சன் வச்சாலும் நல்லதுதான்," என்றார்.

சாக்கைப் பிரித்துக் கொடுத்துவிட்டு ரசீது வாங்கிக்கொண்டோம். வீட்டுக்கு வந்ததும் அம்மா முதலில் செய்தது அக்காவுக்குப் போன் போட்டதுதான். "குடுத்தாச்சு," என்றாள்.

மறுநாள் மத்தியானப் பேருந்தில் அக்கா வந்தாள். நேராக உள்ளறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்தாள். மஞ்சள் பை முளைக்குத் திரும்பியிருந்தது. கை கால் கழுவிவிட்டு அடுக்களைக்குள் நுழைந்தாள். வாக்கு எண்ணும் நாள்வரை அவள் வருவதும் போவதுமாக இருந்தாள். சேர்ந்தாற்போல ஒரு வாரம்கூடத் தங்கினாள். அம்மாவுக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டினாள். தம்பியோடு பேசினாள், சண்டையும் போட்டாள். துப்பாக்கியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த நாட்களில் வயலில் பன்றி இறங்கியது. தம்பி அதையும் சொல்லவில்லை. காலையில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, கால்களைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.

முடிவு வந்த அன்று தொலைக்காட்சியை அம்மா போட விடவில்லை. யார் ஜெயித்தார்கள் என்பதைத் தெருவில் போட்ட வெடியில் தெரிந்துகொண்டோம். அடுத்த நாள் அக்கா பையை எடுத்துக்கொண்டு பேருந்துக்குக் கிளம்பினாள். தம்பிதான் பைக்கில் கொண்டு போய் விட்டான். நிலையத்திலிருந்து அழைப்பு வந்ததும் அதே பைக்கில் போய்ச் சாக்குப் பொதியோடு திரும்பி வந்தான்.

அவன் உள்ளே வருவதற்குள் அம்மா எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளறைக்குப் போய், பையைக் கழற்றினாள். கட்டிலில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அடுத்த ஓட்டு எப்பம்லே?" என்று என்னிடம் கேட்டாள்.

"உள்ளாட்சித் தேர்தல் வரணும். தள்ளிப் போய்க்கிட்டே இருக்கு."

"எப்பம்?"

"தெரியலம்மா."

"நீ பேப்பர்ல இருந்தவன்தான?"

"பேப்பர்லயும் யாருக்கும் தெரியாது."

முளைகளின் மேல் தம்பி துப்பாக்கியை வைக்கும் சத்தம் கேட்டது. அம்மா பையைத் திறந்து சாயங்கால மாத்திரையைத் தேட ஆரம்பித்தாள்.